ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை

சென்னை கிரிக்கெட் லீக்கில் சீசன் முடியும் வாரங்களில் புள்ளிப் பட்டியலைப் பார்ப்பவர்களின் கண் இரண்டு இடங்களுக்குத்தான் போகும். உச்சியில், அடுத்த டிவிஷனுக்கு ஏறப்போவது யார்? அடியில், இறங்கப்போவது யார்? நடுவில் நாலைந்து அணிகள் கிடக்கும். அவற்றுக்கும் ஓர் ஆட்டம் பாக்கி இருக்கும். ஜெயித்தால் ஏற்றம் கிடையாது, தோற்றால் இறக்கமும் கிடையாது. ஆனாலும் விடியுமுன் எழுந்து, கிட் பேக்கை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு, கொட்டிவாக்கத்தில் இருப்பவர் நகரத்தின் மறுகோடி வரைகூடப் போக வேண்டியிருக்கும். "கடைசி மேட்ச்தானேங்க, அதுவும் ஒண்ணுக்கும் ஆகாத மேட்ச். இன்னிக்கு ஒரு நாள் வீட்ல இருந்தா என்ன?" என்று மனைவி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். சம்பளம் கிடையாது. பார்க்க வருபவர் கிடையாது. பேப்பரில் பெயர் வந்தாலும் பொடி எழுத்தில் ஒரு வரி.

அந்தக் கேள்வி நியாயமானது, பழமையானதும்கூட. பலன் வராது என்று முன்கூட்டியே தெரிந்த செயலை ஒரு மனிதன் முழு மனதோடு செய்ய முடியுமா? செய்தால் அது உயர்ந்த நிலையா, வெறும் பழக்கதோஷமா? இந்தியத் தத்துவம் இந்த இடத்தில் பல நூற்றாண்டுகள் நின்று வாதாடியிருக்கிறது. போர்வீரன், யாகம் செய்பவன், துறவி என்று உதாரணங்கள் வரும். சீசனின் கடைசி வாரத்து கிளப் ஆட்டக்காரரையும் அந்த வரிசையில் நிறுத்திப் பார்க்கலாம். அவரிடம் இந்தக் கேள்வி வேறு எவரிடமும் இல்லாத அளவுக்குத் துலக்கமாக இருக்கிறது.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் புகழ்பெற்ற உபதேசம் எல்லோருக்கும் தெரியும். செய்வது உன் கையில், விளைவின்மேல் உனக்குப் பாத்தியதை இல்லை என்பது அதன் சாரம். நாட்காட்டியிலும் ஆட்டோவின் முதுகிலும் அச்சாகும் வாசகம் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது. மூல சுலோகம் அங்கே நிற்கவில்லை. சும்மா இருப்பதிலும் ஒட்டிக்கொள்ளாதே என்று சொல்லித்தான் முடிகிறது. பலனை விட்டவன் வேலையையும் தளர்த்திவிடுவான் என்று அந்தச் சுலோகத்தைச் செய்தவர் அறிந்திருக்கிறார். ஒன்றுக்கும் ஆகாத ஆட்டத்தில் நிகழும் ஆபத்து இதுதான்.

இருந்தாலும் கிரிக்கெட்டைக் கீதைக்குள் அடக்கப் பார்த்தால் ஓர் இடத்தில் முட்டுகிறது. பலனில் ஆசை இல்லாத பந்துவீச்சாளர் என்று ஒருவர் இருக்க முடியுமா? விக்கெட் வேண்டும் என்ற வெறி இல்லாமல் வீசப்படும் பந்து வெறும் எறிதல். மட்டைக்காரர் அவுட் ஆகக் கூடாது என்று நினைக்காவிட்டால் அவர் முன்னால் ஸ்டம்ப் எதற்கு? ஆசையை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. பற்றற்றவர்கள் இருபத்திரண்டு பேரைச் சேர்த்தால் கிரிக்கெட் நடக்காது.

மேட்டிங் விக்கெட்டில் ஆடி வளர்ந்தவர்கள் இதை உடலால் அறிந்தவர்கள். தேங்காய் நார்ப் பாயை நாலு பேர் நாலு மூலையில் பிடித்து இழுக்க, இன்னும் இரண்டு பேர் ஓரம் முழுக்க ஆணி அடித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் பந்து விழும் இடத்தில் பாய் சுருங்கிக்கொள்ளும். அதன்பின் பந்து முழங்காலுக்கு வருமா, முகத்துக்கு வருமா என்று சொல்ல முடியாது. அதனால் காப்டன் குனிந்து ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். திருப்தி இல்லாவிட்டால் ஆணியைப் பிடுங்கி மறுபடி இழுக்கச் சொல்வார். புள்ளிப் பட்டியலில் எதையும் மாற்றாத ஆட்டம் என்பதற்காக அந்தப் பாயை யாரும் தளர்வாக விட்டுவிடுவதில்லை. முதல் பந்து விழுந்தவுடன் பட்டியலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து உள்ளே வரும் பந்து மட்டும்தான் உலகம். எல்.பி.டபிள்யூ. கேட்கும் குரலில் அது சீசனின் முதல் ஆட்டமா, கடைசி ஆட்டமா என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆக, ஆசை இருக்கிறது. எதன்மீது என்பதுதான் பார்க்க வேண்டியது.

கனடாவில் தத்துவம் கற்பித்த பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் 'தி கிராஸ்ஹாப்பர்' என்ற நூலை வெளியிட்டார். எறும்பும் வெட்டுக்கிளியும் வரும் ஈசாப் கதையை எடுத்து, கோடையெல்லாம் ஆடிக் களித்துவிட்டுக் குளிர்காலத்தில் சாகப்போகும் வெட்டுக்கிளியையே குருவாக்கினார். சாகும் வேளையிலும் அது தன் வாழ்க்கைக்காக வெட்கப்படவில்லை. சீடர்களோடு விளையாட்டின் இலக்கணத்தை விவாதிக்கிறது. அது தரும் விளக்கத்தின் சுருக்கம் இது: தேவையே இல்லாத தடைகளைத் தாமாக ஏற்றுக்கொண்டு அவற்றைத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுவதால் உலகில் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. கையில் எடுத்துப்போய் வைத்தாலும் அது கோட்டுக்கு வெளியேதான் இருக்கும். பதினொரு பேரை நிறுத்தி, ஒரு மட்டையை மட்டும் கொடுத்து, இப்படித்தான் தாண்ட வேண்டும் என்று விதி செய்த பிறகுதான் அந்த நாலு ரன்னுக்கு மதிப்பு வருகிறது. அந்த ஆசை ஆட்டத்தோடு பிறந்து ஆட்டத்தோடு முடிவது.

இங்கே இரண்டு பலன்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்துக்கு உள்ளே இருக்கும் பலன் ஒன்று: இந்த விக்கெட், இந்த ரன், இந்த வெற்றி. வெளியே இருப்பது இன்னொன்று: கோப்பை, டிவிஷன், தேர்வாளர் பார்வை, வேலை. கீதை விடச் சொல்வது இரண்டாவதை என்று எடுத்துக்கொண்டால் முட்டல் விலகுகிறது. அர்ஜுனனையும் அம்பை ஏனோதானோவென்று விடச் சொல்லவில்லை. முழு வீச்சில் போரிடத்தான் சொல்கிறது.

வெளிப் பலன் உள்ளே புகுந்து ஆட்டத்தைக் கொன்ற கதைகள் உண்டு. 1979 மே 24 அன்று இங்கிலாந்தின் வூஸ்டரில் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பைக்கான குழு ஆட்டம். சாமர்செட் அணி தோற்றாலும் காலிறுதிக்குப் போகலாம். ஆனால் பந்துக்கு எத்தனை விக்கெட் என்ற கணக்கில் பின்தங்கிவிடக் கூடாது. அந்தக் கணக்கைக் காப்பாற்ற, காப்டன் பிரையன் ரோஸ் முதலில் ஆடத் தொடங்கி, ஒரே ஓவரில் விக்கெட் இழப்பின்றி ஒரு ரன் எடுத்த நிலையில் டிக்ளேர் செய்தார். வூஸ்டர்ஷையர் பத்துப் பந்தில் ஜெயித்தது. அன்றைய விதிகளில் எதையும் அவர் மீறவில்லை. ஆனாலும் கிரிக்கெட் வாரியம் கூடி 17க்கு 1 என்ற வாக்கில் சாமர்செட்டைப் போட்டியிலிருந்தே வெளியேற்றியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பூப்பந்தில் நான்கு ஜோடிகள் தகுதி நீக்கம் செய்யப்பட்டதும் இதே கணக்கினால்தான். அடுத்த சுற்றில் வசதியான எதிரி கிடைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே வலையில் அடித்துத் தோற்கப் பார்த்தார்கள். அரங்கம் கூச்சலிட்டது. பணம் கொடுத்து வந்த கூட்டத்துக்குத் தத்துவம் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தன் கண்முன் விளையாட்டு இல்லாமல் போனது அதற்குத் தெரிந்துவிட்டது.

இப்படிப் பார்த்தால், நடுவில் கிடக்கும் அணியின் கடைசி ஆட்டம் ஒரு கொடை. வெளிப் பலன் எல்லாம் தானாகவே உதிர்ந்துவிட்டது. உள்ளே இருப்பது மட்டும் மிச்சம்.

இந்தச் சிந்தனையை இன்னும் மேலே கொண்டுபோன ஒருவர் நம் பக்கத்திலேயே பிறந்தவர். சென்னையிலிருந்து மேற்கே பெங்களூர் சாலையில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில், மரபு சொல்லும் கணக்குப்படி 1017இல் அவதரித்த ராமானுஜர். பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் எதிர்ப்பு வருகிறது. ஒரு நோக்கம் இல்லாமல் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் நிறைந்த இறைவனுக்கு ஒரு தேவையும் இல்லை. அப்படியென்றால் அவன் எதற்காக உலகைப் படைத்தான்? விடை அடுத்த சூத்திரத்தில் இருக்கிறது. லீலை, வெறும் விளையாட்டு. இதற்கு ஸ்ரீபாஷ்யத்தில் உரை எழுதும் ராமானுஜர் காட்டும் உதாரணம் ஏழு தீவுகள் கொண்ட பூமியை ஆளும் ஒரு மாமன்னன். வீரமும் வலிமையும் குறைவற்ற அவன், விளையாட்டைத் தவிர வேறு எந்தப் பயனையும் கருதாமல் பந்தாடுகிறான். இறைவன் படைப்பதும் அப்படித்தான் என்கிறார். உலகம் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்த ஆசாரியர் கையில் எடுத்தது ஒரு பந்து. சைவமும் இதற்குக் குறைந்ததில்லை. மதுரைச் சொக்கநாதரின் அறுபத்து நான்கு செயல்களுக்கும் மரபு வைத்த பெயர் திருவிளையாடல்.

ஆனால் ராமானுஜரின் உதாரணத்தில் ஒரு முள் இருக்கிறது. பந்தாடுபவன் அரசன். அவனுக்கு எல்லாம் இருக்கிறது. இல்லாதவன் என்ன செய்வான்?

கொட்டிவாக்கத்தில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. திருவான்மியூரைத் தாண்டித் தெற்கே வந்தால் வரும் இந்த ஊர் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. கிழக்கே கடலை ஒட்டி மீனவர் குப்பம், நடுவில் ஈ.சி.ஆர்., மேற்கே ஓ.எம்.ஆரின் கம்ப்யூட்டர் கம்பெனிகள். பக்கத்துத் தரமணியில் சி.பி.டி.-ஐ.பி. மைதானமும் சற்றுத் தள்ளி ஐ.ஐ.டி.-கெம்பிளாஸ்ட் மைதானமும் இருக்கின்றன; முதல் டிவிஷன் ஆட்டக்காரர்கள் வெள்ளை உடுப்பில் ஆடும் புல் விக்கெட்டுகள். குப்பத்துப் பையன் டென்னிஸ் பந்தில் கடற்கரை மணலில் ஆடுகிறான். மீன்கூடையோ செருப்போ அவனுக்கு ஸ்டம்ப். அவன் தரமணியை அடைய வேண்டுமானால் மட்டை, கால்காப்பு, கையுறை, ஷூ, பயிற்சிக் கட்டணம், போக வர ஆகும் செலவு என்று ஒவ்வொன்றும் ஒரு சுவர். அப்படிச் சேர்ந்த பையனுக்குக் கடைசி ஆட்டம் ஒன்றுக்கும் ஆகாததாக இருக்காது. ஐம்பது ரன் அடித்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கலாம். ரயில்வேயிலோ வங்கியிலோ யாராவது பெயரைக் கேட்டு வைக்கலாம். பலனை எண்ணாதே என்று அவனிடம் சொல்லும் தகுதி வயிறு நிறைந்தவர்களுக்கு இல்லை.

பிரம்மசூத்திரம் இந்த முள்ளை உணர்ந்திருக்கிறது. லீலை என்று சொன்ன கையோடு அடுத்த சூத்திரத்தில் அது எடுத்துக்கொள்வதே இந்தக் குற்றச்சாட்டைத்தான்: உலகம் விளையாட்டு என்றால் ஒருவனுக்கு இன்பமும் இன்னொருவனுக்குத் துன்பமும் ஏன்? படைத்தவன் பாரபட்சம் உள்ளவனா, இரக்கமற்றவனா? சூத்திரம் தரும் விடை கர்மம். அவரவர் வினைக்கேற்ப அமைகிறது என்கிறது. பிரபஞ்சத்துக்கு அந்த விடை பொருந்துமா என்பதை வேதாந்திகள் வாதாடட்டும். கிரிக்கெட் மைதானத்துக்கு அது பொருந்தாது. அங்கே உள்ள ஏற்றத்தாழ்வு மனிதர் செய்தது, பெயர் சொல்லக்கூடியது: மட்டையின் விலை, சாதி, தெரிந்தவர் சிபாரிசு. 2014இல் வந்த சுசீந்திரனின் 'ஜீவா' படமும் பத்து ஆண்டு கழித்து வந்த தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து'வும் அணிக்குள் யாரைச் சேர்க்கிறார்கள், யாரை வாசலில் நிறுத்துகிறார்கள் என்பதைத்தான் பேசின. லீலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாசலைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும்.

சென்னையின் இந்தியர் கிரிக்கெட் தொடங்கியதே ஒரு வாசலில்தான். 1846இல் பிறந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் பெவிலியனுக்குள் இந்திய ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பார்கள். மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். திறமை உள்ள, வசதி இல்லாத பையன்களுக்குத் தன் பணத்தில் உடுப்பும் மட்டையும் வாங்கிக் கொடுத்தார். ஐரோப்பியர்களும் இந்தியர்களும் சமமாக எதிர்த்து ஆடும் ஒரு பந்தயத்தைப் பேசி முடித்தார். 1908 கடைசியில் முதல் பிரசிடென்சி ஆட்டம் நடந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே அவர் காலமாகிவிட்டார். நட்டவர் ஒருநாளும் நிழலில் உட்காரவில்லை. அவர் பெயரிலான போட்டி இன்றும் நடக்கிறது.

புச்சிபாபுவின் மகன்களில் ஒருவர் தாய்வழித் தாத்தாவுக்குச் சுவீகாரம் போய் கோட்டா ராமசாமி ஆனார். 1922இல் டேவிஸ் கோப்பையில் டென்னிஸ் ஆடினார். 1936இல், நாற்பது வயதில், மான்செஸ்டரில் தன் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று எடுத்தார். இரண்டே டெஸ்ட்தான். பின்னாளில் தன் வரலாற்றை எழுதியபோது தலைப்பிலேயே தன்னை விளையாட்டுப் பித்தன் என்று சொல்லிக்கொண்டார். 1985 அக்டோபரில், எண்பத்தொன்பது வயதில், அடையாறு வீட்டிலிருந்து வெளியே போனவர் திரும்பவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதே 1936 சுற்றுப்பயணத்தில் இருந்த இன்னொரு சென்னைக்காரர் எம். ஜே. கோபாலன். திருவல்லிக்கேணி ஆட்டக்காரர். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர். ஹாக்கியிலும் இந்திய அணிக்கு ஆடியவர். 1936இல் இரண்டு கதவுகளும் சேர்ந்தே திறந்தன: பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் ஹாக்கி அணி, இங்கிலாந்துக்குப் போகும் கிரிக்கெட் அணி. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை. தியான்சந்தின் ஹாக்கி அணி பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் வாங்கியது. கோபாலன் ஆடிய ஒரே டெஸ்ட் 1934 கல்கத்தா ஆட்டமாகவே நின்றுவிட்டது. பலனை வைத்து அளந்தால் இதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. அவர் அதோடு மட்டையை வீசிவிடவில்லை. மெட்ராஸுக்காகப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆடினார். 2003இல் தொண்ணூற்று நாலு வயதில் இறந்தார். சேப்பாக்கத்தில் ஒரு வாசலுக்கு அவர் பெயர் இருக்கிறது.

விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் சென்னையில் பேசியபோது, கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவது இளைஞர்களைச் சொர்க்கத்துக்கு அருகில் கொண்டுபோகும் என்ற பொருளில் சொன்னார். இதை உடல்வலிமைக்கான அறைகூவலாக மட்டும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் சொல்ல வந்ததில் பெரும்பகுதி அதுதான். உடம்பு உரம் பெற்றால் கீதை இன்னும் நன்றாகப் புரியும் என்றார். ஆனால் அந்த வாக்கியம் அதைத் தாண்டியும் போகிறது. கீதை சொல்லும் நிலையை வாயால் விளக்குவது எளிது. ஆறு ஓவர் உயிரைக் கொடுத்து வீசி, ஸ்லிப்பில் கேட்ச் விட்டவனை ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பி நடந்து, அடுத்த பந்துக்கு அதே வெறியோடு ஓடி வருவது கடினம். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே உள்ள அரை நிமிடத்தில் பலனை விட வேண்டும். ஓடத் தொடங்கியதும் மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் நூறு முறைக்கு மேல் இதைச் செய்யும் பயிற்சிக்கூடம் வேறு எங்கே இருக்கிறது? ஓ.எம்.ஆரை ஒட்டிக் கொட்டிவாக்கத்திலும் மைதானம் வைத்திருக்கும் ஒய்.எம்.சி.ஏ.வும் இதே எண்ணத்தை வேறொரு மதத்தின் வழியாக வந்தடைந்தது. உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒரே முக்கோணம் என்பது அதன் சின்னம். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் அதன் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது அந்த நம்பிக்கையில்தான்.

இந்த நகரத்துக் கூட்டமும் இதில் தேறியிருக்கிறது. 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் இந்தியா 347க்கு ஆல் அவுட் ஆகி, ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது டை ஆனது. அந்தத் தொடர் 0-0 என்று முடிந்தது. யாருக்கும் ஒன்றும் கிடைக்காத அந்தத் தொடரைத்தான் இன்னும் பேசுகிறார்கள். 1999 ஜனவரி 31 அன்று சச்சின் 136 எடுத்தும் பன்னிரண்டு ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றபோது, அரங்கம் எழுந்து நின்று கைதட்ட, வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியது. அழுதுகொண்டே தட்டியவர்கள் உண்டு. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்குக் குறைவாக இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

நடுவில் கிடக்கும் அணியின் கடைசி ஆட்டத்துக்கு வருவோம். அதில் இன்னும் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. தனக்குப் பலன் இல்லை என்பதால் எதிரணிக்கும் இல்லை என்று ஆகிவிடாது. எதிரே நிற்பது இறங்கும் விளிம்பில் உள்ள கிளப்பாக இருக்கலாம். அது இன்று ஜெயித்தால், வேறொரு மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் மூன்றாவது ஒரு கிளப் இறங்கும். அந்த மூன்றாவது கிளப்பின் ஆட்கள் இங்கே இல்லை. தங்கள் தலைவிதி யார் கையில் இருக்கிறது என்று அவர்களால் பார்க்கக்கூட முடியாது. நடு அணியின் காப்டன் நல்ல பந்துவீச்சாளருக்கு ஓய்வு கொடுத்தால், எட்டுப் பேரோடு வந்து நின்றால், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஃபீல்டிங்கில் கைகட்டி நின்றால், அது பற்றின்மை ஆகாது. கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்குச் செய்யும் அநீதி. சாமர்செட் செய்ததும் அதுவே. அதன் டிக்ளேர் வூஸ்டர்ஷையரை ஒன்றும் செய்யவில்லை, அதே குழுவில் இருந்த இன்னொரு அணியின் வாய்ப்பைத்தான் பாதித்தது.

அதனால், பலன் இல்லாத ஆட்டத்தை முழு மனதோடு ஆடுவது ஆன்மிக உயர்வு மட்டும் இல்லை, கடனும்கூட. லீக் என்பது எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் உண்மையாக ஆடும் என்ற நம்பிக்கையில் நிற்கும் ஏற்பாடு. ஒருவர் கையை விட்டால் பட்டியலில் உள்ள எல்லா எண்களும் பொய்யாகிவிடும். கொட்டிவாக்கத்து வீட்டில் மனைவி கேட்ட கேள்விக்குச் சொல்லத்தக்க முதல் பதில் இதுதான். லீலையைப் பிறகு விளக்கலாம்.

புதுப் பையனுக்கு வாய்ப்புக் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். சீசன் முழுக்கத் தண்ணீர் தூக்கிய குப்பத்துப் பையனைக் கடைசி ஆட்டத்தில் இறக்குவது ஒரு கிளப் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் ஒன்று. வாசலைத் திறப்பது அப்படித்தான். ஒரே நிபந்தனை, அவனை ஜெயிக்க இறக்க வேண்டும். புதுப் பந்தை அவன் கையில் கொடுத்து, நல்ல ஃபீல்ட் வைத்து, விக்கெட் எடுக்கச் சொல்ல வேண்டும். வயதான தொடக்க ஆட்டக்காரர் விடைபெறும் ஆட்டம் என்றால் அவருக்கும் அதே விதி: மரியாதை கைதட்டலில் இருக்கட்டும், ஃபுல் டாஸில் வேண்டாம்.

முந்தின நாள் இரவு சில காப்டன்களுக்குப் போன் வரும். எதிரணியில் பழகியவர் யாராவது பேசுவார். "உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல தம்பி, எங்களுக்கு வாழ்வா சாவா. கொஞ்சம் பார்த்துக்கோங்க." கேட்பவர் கெட்டவர் இல்லை, இருபது வருஷம் கைக்காசு போட்டு அந்த கிளப்பை நடத்தியவராக இருப்பார். கத்திப் பேசிப் போனை வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. "பார்த்துக்கறேண்ணே. எட்டு மணிக்கு வந்துடுங்க, மேட்டிங் இழுக்க எங்க பக்கம் ரெண்டு ஆள் கம்மி. டாஸ் ஜெயிச்சா நாங்க பௌலிங்" என்று சொன்னால் போதும்.